ஒகாபியா, ஆர்ட்வார்க்கா, எறும்புத்தின்னியா: அசல் தோல், ஆட்டுத் தோல், ஃபைபர் ஆகிய மூன்றில் எதைத் தேர்வது?

மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்கும் சில பள்ளிகளுக்கும் காட்சிக்கூடப் பொருள்களைச் செய்து கொடுப்பதும் பழையவற்றைப் பழுது பார்ப்பதும் என் தொழில். கடந்த சில ஆண்டுகளில் மூன்று இடங்களிலிருந்து ஏறத்தாழ ஒரே கேள்வி வந்தது. புலியும் சிறுத்தையும் பிள்ளைகள் பார்த்துச் சலித்துவிட்டார்கள், ஆப்பிரிக்காவின் அரிய பாலூட்டி ஒன்றை உயிரோடு நிற்பதுபோல் வைக்க வேண்டும், எந்த வழியில் செய்வது என்று கேட்டார்கள். ஒருவருக்கு ஒட்டகச்சிவிங்கியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒகாபி வேண்டும், இன்னொருவருக்கு மண்ணைத் தோண்டும் ஆர்ட்வார்க், மூன்றாமவருக்கு நம் அழுங்கைப்போல் செதில் போர்த்திய ஆப்பிரிக்க எறும்புத்தின்னி. மூவரும் தமக்குள் பேசிக்கொண்டால் நான் ஆளுக்கொன்று சொல்வதாக நினைக்கக்கூடும். அப்படிச் சொல்ல நேர்ந்ததன் காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இறந்த விலங்கின் தோலை உரித்துப் பதப்படுத்தி, உருவத்தின் மேல் போர்த்தி நிறுத்துவதைத் தமிழில் பாடம் செய்தல் என்கிறோம். நம் ஊர்களுக்கு இது புதிதும் அன்று. கன்று இறந்துபோனால் அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தாய்ப்பசுவின் முன் நிறுத்திப் பால் கறந்தவர்கள் நம் முன்னோர். வாசனை இருந்தால் பசுவுக்குப் போதும். காட்சிக்கூடத்துக்கு வருகிற எட்டாம் வகுப்பு மாணவனுக்கு அது போதாது.

## எவற்றை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது சட்டம். பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இல்லையென்றால், அது எத்தனை அழகாக இருந்தாலும் நிறுவனத்துக்குச் சுமைதான். இரண்டாவது, அந்த விலங்கின் மேற்பரப்பு எப்படிப்பட்டது என்பது. அடர்ந்த ரோமமா, குட்டை ரோமமா, சுருக்கம் விழுந்த வெற்றுத் தோலா, செதிலா என்பதைக் கேட்காமலே முறையைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன. மூன்றாவது நம் வெயிலும் ஐப்பசி கார்த்திகை ஈரமும். நான்காவது, பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வரும் தொலைவில் அந்த வேலை தெரிந்த கை உண்டா என்பது. ஐந்தாவது, பிள்ளைகள் அதைத் தொடப் போகிறார்களா, கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்கப் போகிறார்களா என்பது. செலவைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. செய்யும் செலவு எல்லோருக்கும் தெரிகிறது. பத்து ஆண்டுகள் வைத்துக் காப்பாற்றும் செலவு யாருடைய மதிப்பீட்டிலும் வருவதில்லை.

## அசல் தோலில் பாடம் செய்தது

கேட்கிறவர்களின் முதல் ஆசை இதுதான். ஆனால் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களும் அதன் வரம்புக்குள் வந்துவிட்டன. எறும்புத்தின்னிகளைப் பொறுத்தவரை உலகில் உள்ள எட்டு இனங்களும் சைட்டிஸின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன. 2016இல் ஜோகன்னஸ்பர்கில் எடுத்த முடிவு அது. பட்டியலில் இல்லாத விலங்காக இருந்தாலும், காட்டு விலங்கின் தோலையோ உடற்பகுதியையோ இறக்குமதி செய்வது வணிக அனுமதி, வனத்துறை அனுமதி, சுங்கம் என்று நீள்கிற வழி. ஒரு பள்ளித் தாளாளரோ துறைத்தலைவரோ தன் வேலைக்கு நடுவே நடக்கக்கூடிய தொலைவு அதில் இல்லை.

பழைய பொருள் யாரிடமாவது கிடைக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. ஜமீன் குடும்பங்களிலும் எஸ்டேட் பங்களாக்களிலும் பாடம் செய்த தலைகள் இன்னும் தொங்குகின்றன. அவற்றுக்கு உரிமைச் சான்றிதழ் உண்டா, அதைக் கைமாற்றச் சட்டம் இடம் தருகிறதா என்பதைத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்காமல் ஒரு கொம்பைக்கூட வண்டியில் ஏற்றக் கூடாது. அதோடு மறைந்திருக்கும் ஆபத்து ஒன்றும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் பெக்கர் என்பவர் உருவாக்கிய ஆர்சனிக் சோப்பை, பூச்சி அரிக்காமல் இருக்கத் தோலின் உட்புறத்தில் பூசுவது இருபதாம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் தொடர்ந்தது. பழைய பாடத்தை வெறுங்கையால் தடவுவதும், துடைப்பத்தால் தூசி தட்டுவதும், வகுப்பில் சுற்றுக்கு விடுவதும் அந்த நஞ்சைக் கையில் வாங்குவதற்குச் சமம்.

செய்யும் கையும் அருகிவிட்டது. மைசூரில் நூறு ஆண்டுக்காலம் புலிகளையும் சிறுத்தைகளையும் பாடம் செய்த வான் இங்கன் நிறுவனம் 1999இல் மூடப்பட்டது. மும்பையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் 2009 முதல் ஒரு மையம் இயங்கிவருகிறது. இறந்துபோன வன விலங்குகளை அரசின் அனுமதியோடு பாடம் செய்யும் இடம் அது. நினைத்த நேரத்தில் ஒகாபி செய்யச் சொல்லும் கடை அன்று.

இந்த வழி யாருக்குப் பொருந்தும் என்றால், ஏற்கெனவே சான்றிதழோடு பழைய தொகுப்பு வைத்திருக்கும் பெரிய அருங்காட்சியகத்துக்கு. கோவையில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் போன்ற இடங்களில் அசல் தோலுக்கு அறிவியல் மதிப்பு இருக்கிறது. ரோமத்தின் ஓர் இழை ஆய்வுக்குப் பயன்படும். அதை எந்தப் பிரதியும் தர முடியாது. புதிதாகத் தொடங்குகிற கல்லூரிக்கோ பள்ளிக்கோ இந்த வழியை நான் பரிந்துரைப்பதே இல்லை.

அசல் தோல் இருந்தால் உயிர்ப்பு தானாக வந்துவிடும் என்பதும் உண்மையன்று. அமெரிக்கரான கார்ல் ஏக்லி வருவதற்கு முன்புவரை வெளிநாட்டுக் கூடங்களிலும் வைக்கோல் திணித்த மூட்டைகளே பெரும்பாலும் நின்றன. அவர் விலங்கின் அளவுகளை எடுத்து, தசைகளோடு முழு உருவத்தையும் களிமண்ணில் செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, எடை குறைந்த உட்கூட்டை வார்த்து, அதன்மேல்தான் தோலைப் போர்த்தினார். அவர் 1926இல் காங்கோவில் இறந்தார். அவர் திட்டமிட்ட ஆப்பிரிக்கப் பாலூட்டிகள் கூடம் நியூயார்க்கில் பத்து ஆண்டுகள் கழித்து, 1936இல் திறக்கப்பட்டது. அந்தக் கூடத்து விலங்குகள் நம்மைத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருக்கக் காரணம், தோலுக்கு அடியில் இருக்கும் சிற்பம். நம் ஊரில் எந்த வழியைத் தேர்ந்தாலும் நல்ல கையைத் தேட வேண்டியது முதலில் அதற்காகத்தான்.

## ஆட்டுத் தோலில் மறுஆக்கம்

ஓர் இனத்தின் எந்தப் பகுதியையும் பயன்படுத்தாமல், சட்டப்படி கிடைக்கும் வேறு தோலைக் கொண்டு அந்த இனத்தை உருவாக்குவதை மறுஆக்கம் என்கிறோம். உலகப் பாடக்கலைப் போட்டிகளில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்பெற்ற திண்டுக்கல் அருகிலேயே இருக்கிறது.

அந்த வசதியில் ஒரு பொறியும் உண்டு. முதன்முறை பன்னிரண்டு ஆட்டுத் தோல்களை ஓர் ஆலையில் கொடுத்து, "நல்லா பதனிட்டுக் குடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்துப் போனால், செருப்புக் கடைக்காரர் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி பளபளவென்று பன்னிரண்டு தோல்கள். ஒன்றில்கூட ஒரு மயிர் இல்லை. தவறு என்னுடையது. பதனிடும் ஆலையில் தோல் முதலில் இறங்குவது சுண்ணாம்புத் தொட்டியில். அதன் வேலையே ரோமத்தைக் கழற்றுவதுதான். ரோமத்தோடு வேண்டுமென்றால் சுண்ணாம்பைத் தொடாமல், உப்பில் காயவைத்து, உட்புறத்தை மெலிதாக வழித்து, படிகாரத்திலோ குரோமியத்திலோ பதனிடச் சொல்ல வேண்டும். ஆவாரம் பட்டையில் பதனிடுவது நம் பகுதியின் பழைய முறை என்றாலும், அது தோலுக்கு மஞ்சள் கலந்த பழுப்பைத் தந்துவிடும். வெள்ளை வரி வேண்டிய ஒகாபிக்கு அது ஆகாது.

ஒகாபியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காங்கோவின் இத்தூரி மழைக்காட்டில் வாழும் இந்த விலங்குக்கு 1901இல்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. பின்பகுதியில் வரி இருப்பதால் வரிக்குதிரையின் உறவு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் ஒட்டகச்சிவிங்கியின் குடும்பம். தோளுயரம் ஏறத்தாழ 150 செ.மீ., எடை 200 முதல் 350 கிலோ. ஆணுக்குத்தான் நெற்றியில் தோல் போர்த்திய குறுங்கொம்புகள். பெண் ஆணைவிடச் சற்றுப் பெரியது. உடலெங்கும் வெல்வெட் போன்ற குட்டை ரோமம். அதில் மழைநீர் வழிந்தோடும்படி ஒரு எண்ணெய்ப் பூச்சும் உண்டு. ஆகவே ஒகாபிக்குத் தேர்ந்தெடுக்கும் தோலின் ரோமம் குட்டையாகவும் பளபளப்பாகவும் இருக்க வேண்டும். நம் வெள்ளாடுகளில் பலவற்றுக்கு முதுகுத்தண்டு நெடுகிலும் ரோமம் நீண்டிருக்கும்; அந்தப் பட்டையை வெட்டி ஒதுக்காமல் தைத்தால் ஒகாபிக்குப் பிடரி முளைத்துவிடும். முழு உருவத்துக்குப் பத்து ஆட்டுத் தோலுக்குக் குறையாமல் தேவைப்படும். தோல் கூடக்கூடத் தையல் கூடும். தையல் கூடினால் ரோமம் சாயும் திசை இடத்துக்கு இடம் முறியும். அதனால் உடலுக்கு இரண்டு மூன்று மாட்டுத் தோல்களையும், முகத்துக்கும் காதுக்கும் கால்களுக்கும் ஆட்டுத் தோலையும் வைத்துக்கொள்வது நல்லது.

வரிகளை உருவாக்க நான் கற்றுக்கொண்ட வழி சுங்குடியிலிருந்து வந்தது. கறுப்புத் தோலில் வெள்ளையைப் பூசினால் சுவரொட்டி ஒட்டியதுபோல் தெரியும். வெள்ளைத் தோலை எடுத்து, வெள்ளையாக நிற்க வேண்டிய வரியை மெழுகால் காத்து, சுற்றிலும் தலைமுடிச் சாயத்தைத் தூரிகையால் ஏற்றினால் ஒவ்வொரு மயிரும் அடிவரை நிறம் பிடிக்கும். சாயம் சூடாக இருக்கக் கூடாது; வெந்நீர் பட்டால் தோல் சுருண்டுவிடும். பின்தொடையில் வரிகள் நேர்க்கோடாக ஓடுவதில்லை. ஓரங்கள் பிசிறி, சில இடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்து பிரியும். இதை நிழற்படம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். கற்பனைக்கு விட்டால் கை தானாக வரிக்குதிரையை வரைந்துவிடுகிறது.

உட்கூட்டைத் தெர்மாகோலில் செதுக்கிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். செதுக்கலாம்; ஆனால் அதன்மேல் நேரடியாகப் பாலியெஸ்டர் ரெசினைப் பூசினால் தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும். காகிதமும் பசையும் வைத்து நான்கைந்து அடுக்கு ஒட்டிய பிறகே ரெசின் பூசலாம். பிறகு ஈரத்தோலைப் போர்த்தி, தைத்து, தசை மடிப்புகளில் ஊசி குத்தி, காது மடலை இரண்டு அட்டைகளுக்கு நடுவே பிடித்து வைத்து உலர்த்த வேண்டும். மதுரையில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். ஒரு சித்திரை மாதத்தில் மாலை ஆறு மணிக்குத் தைத்து முடித்துவிட்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் அடிவயிற்றுத் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து கிடந்தது. கண்ணிமைகள் பின்வாங்கி, விலங்கு பேயைக் கண்டதுபோல் விழித்துக்கொண்டிருந்தது. தோல் மெல்ல உலர வேண்டும். ஈரச் சாக்கைப் போர்த்தி, விசிறியை நிறுத்தி, இரண்டு மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும்.

மறைசெலவுகள் இரண்டு. ஒன்று, தோல் வாங்கிய பட்டியலையும் பதனிட்ட ரசீதையும் கோப்பில் வைத்திருப்பது. வனத்துறையினர் கேட்டால் காட்ட அவையே ஆதாரம். மற்றது, "மறுஆக்கம்: ஆடு, மாட்டுத் தோல்" என்று பெயர்ப்பலகையில் எழுதுவது. இதைச் செலவென்று சொல்லக் காரணம், பல நிர்வாகங்கள் இதற்குத் தயங்கிப் பின்வாங்குகின்றன. எழுத மறுக்கிற இடத்துக்கு நான் செய்து கொடுப்பதில்லை.

## தோலே இல்லாத வழி: மண், ஃபைபர், சிலிக்கோன்

திருப்பரங்குன்றத்துக்கு அருகில் விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. புரவி எடுப்புக்கு ஆள் உயரக் குதிரை செய்யும் வேளார்களும் நம் பகுதியில் உண்டு. ஆர்ட்வார்க் கேட்டவருக்காக நான் இவ்வகைக் கைகளைத்தான் நாடினேன். படங்களைப் பார்த்த பெரியவர் முதலில் சிரித்தார். "என்ன சார், பன்னி மூக்கு, முயல் காது, வாலு எலி வாலாட்டம் இருக்கு, மூணையும் ஒட்டிவச்சு ஏமாத்துறீங்களா?" என்றார். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஆர்ட்வார்க் என்றால் மண் பன்றி என்று பொருள் என்றதும், "அப்ப சரி, மண்ணுலயே செய்வோம்" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆர்ட்வார்க்குக்கு இந்த வழியே சரி என்பதற்கு அதன் தோலே காரணம். ரோமம் மிகச் சிதறலானது. அடியில் தடித்த தோலின் சுருக்கமும் மடிப்பும் வெளியே தெரியும். அசல் தோலாக இருந்தாலும் உலரும்போது இந்தச் சுருக்கங்கள் இறுகித் தப்பான இடத்தில் விழும். ஆட்டுத் தோலைப் போட்டாலோ ஆர்ட்வார்க் தொலைந்துபோய் ஆடு வந்து நின்றுவிடும். களிமண்ணில் சுருக்கத்தைக் கீறி, அச்சு எடுத்து, ஃபைபரில் வார்த்து, கால்களிலும் மூக்குத்துளை ஓரத்திலும் நுண்துளை போட்டுப் பன்றிமயிர்த் தூரிகையிலிருந்து உருவிய மயிரை நட்டால் பொருந்தும். முன்காலில் நான்கு விரல்கள், பின்காலில் ஐந்து. கால்கள் உடலைவிடக் கருத்தவை. நகங்களை எங்கள் பெரியவர் முதலில் நாய் நகம்போல் கூராகச் செய்துவிட்டார். மண்ணைத் தோண்டித் தேய்ந்த மண்வெட்டியின் விளிம்பை அவர் வீட்டு முற்றத்திலேயே காட்டிய பிறகு, இரண்டாம் முறை சரியாக வந்தது.

எறும்புத்தின்னிக்கும் இதே வழிதான், காரணம் வேறு. நம் காடுகளில் இருக்கும் அழுங்கின் உறவான ஆப்பிரிக்க நில எறும்புத்தின்னி, முன்கால்களைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு பின்கால்களில் நடக்கும். வாலும் அதற்கு ஈடாக நிற்கும். இந்த நிலையைப் பிடித்தாலே போதும், பார்ப்பவர் நின்றுவிடுவார். உள்ளே இரும்புக் கம்பி பின்கால் வழியாக இறங்கிப் பீடத்தில் பூட்டப்பட வேண்டும். செதில் நம் நகத்தைப் போன்ற கெரட்டினால் ஆனது. ஐந்தாறு அளவில் அச்சு செய்து, ரெசினில் நூற்றுக்கணக்கில் வார்த்து, வாலிலிருந்து தலையை நோக்கி ஒட்டிக்கொண்டு வர வேண்டும். இறவாரத்தில் தொடங்கி முகட்டுக்கு ஓடு வேய்வதுபோல. தலையிலிருந்து தொடங்கியவர்கள் பாதியில் எல்லாவற்றையும் பிடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். முகத்திலும் வயிற்றிலும் கால்களின் உட்புறத்திலும் செதில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

முடியில்லாத சிற்றுயிர்களுக்கு, எடுத்துக்காட்டாக ஆப்பிரிக்கக் கொம்பு நாடுகளில் மண்ணுக்கடியில் வாழும், விரல் நீளமே உள்ள மொட்டை மோல் எலிக்கு, சிலிக்கோன் வார்ப்பே ஏற்றது. அதன் இளஞ்சிவப்புத் தோலுக்குள் ஒளி சற்றுப் புகுந்து திரும்பும். ஃபைபரில் அது வராது.

இந்த வழியின் மறைசெலவு வண்ணத்தில் இருக்கிறது. ஃபைபர் பளபளக்கும், கோயில் வாகனத்துக்கு அடிக்கும் எனாமலை அடித்தால் சுற்றுலாத்தலத்துக் குப்பைத்தொட்டி முயலாகிவிடும். பளபளப்பற்ற வண்ணத்தை ஏழெட்டு மெல்லிய பூச்சுகளாக ஏற்ற வேண்டும். கண் விளிம்பிலும் மூக்கு நுனியிலும் மட்டும் ஈரப்பளபளப்பு இருக்கலாம். இன்னொன்று, நம் சிற்பிகளின் கை எந்த விலங்குக்கும் இமைமயிரும் மெல்லிய புன்னகையும் வைத்துவிடும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

தொட்டுப் பார்க்க வேண்டிய இடத்துக்கு, குறிப்பாகப் பார்வையற்ற மாணவர்கள் வரும் பள்ளிக்கு, இதைவிட நல்ல வழி இல்லை.

## மற்ற இரண்டு வழிகள்

செயற்கை ரோமத் துணி மலிவு. ஆனால் எல்லா இழையும் ஒரே நீளம் என்பதால் எதைச் செய்தாலும் கரடிப் பொம்மையின் சாயல் வந்துவிடும், தூசியையும் இழுக்கும். மண்டையோட்டு வார்ப்பு உயிர்ப்பைத் தராது என்றாலும், பட்டப்படிப்பு மாணவர்களுக்கு முழு உருவத்தைவிடப் பயன்படலாம். பல்லின் மேற்பூச்சான எனாமலே இல்லாமல் நுண்குழாய்கள் சேர்ந்து உருவான ஆர்ட்வார்க்கின் பல்லைப் பற்றிப் பாடம் நடத்த வாய் மூடிய சிலை உதவாது.

## எந்த விலங்குக்கு எது

| விலங்கு | மேற்பரப்பு | என் தெரிவு | இடறும் இடம் |
|---|---|---|---|
| ஒகாபி | குட்டை, பளபளப்பான ரோமம் | மாடு, ஆட்டுத் தோலில் மறுஆக்கம் | வரியின் ஓரம், காது |
| பாறை ஹைராக்ஸ் (முயல் அளவுள்ள பாலூட்டி) | அடர்ந்த மென்ரோமம் | பண்ணை முயல் தோலில் மறுஆக்கம் | முயல் தோல் காகிதம்போல் கிழியும் |
| ஆர்ட்வார்க் | சுருக்கத் தோல், சிதறல் மயிர் | ஃபைபர், நட்ட மயிர் | நகம், மூக்குத்துளை |
| நில எறும்புத்தின்னி | செதில் | ஃபைபர், தனித்தனிச் செதில் | எடையைத் தாங்கும் பின்கால் |
| மொட்டை மோல் எலி | வெற்றுத் தோல் | சிலிக்கோன் | நிறம் |

## பெட்டியும் பராமரிப்பும்

ரோமம் உள்ள எதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாக வேண்டும். ஒகாபி அளவுக்கு ஒரு பெட்டி அடிக்கும் செலவு, பல நேரங்களில் ஒகாபியின் செலவையே எட்டிப் பிடிக்கும். தோல் வண்டின் புழு ரோமத்தையும் கொம்பையும் ஒன்றுபோல் தின்னும். பெட்டியின் அடியில் உதிர்ந்த மயிரும் பொடியும் தெரிந்தால் அது உள்ளே வந்துவிட்டது என்று பொருள். அந்துருண்டையைக் குவிப்பது தீர்வன்று. சிறிய உருவமாக இருந்தால் பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் புழு இறந்துவிடும். மீன் வணிகர்களின் உறைபெட்டியை வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம். ஒகாபியை எந்தப் பெட்டியில் வைப்பது? அதனால்தான் பெரிய ரோம விலங்கைச் சிறு நிறுவனங்கள் கேட்கும்போது, தலையும் கழுத்தும் மட்டும் செய்து சுவரில் பொருத்தும்படி சொல்கிறேன்.

பாடம் செய்த பொருளுக்கு அருங்காட்சியகங்கள் பரிந்துரைப்பது 50 லக்ஸ் அளவிலான மங்கிய ஒளியும், 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிலையான ஈரப்பதமும். மேற்குச் சன்னல் உள்ள அறையில் ஓர் ஆண்டிலேயே சாயம் வெளிறத் தொடங்கும். இந்தச் சிக்கல் ஃபைபருக்கு மிகக் குறைவு. ஆண்டுக்கொரு முறை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒகாபி கேட்டவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் முழு உருவத்தைத்தான் விரும்பினார், பெட்டிக்குத் தனியாக நிதி ஒதுக்கவும் ஒப்புக்கொண்டார். எறும்புத்தின்னி கேட்ட பள்ளியில் பெட்டியே வேண்டாம் என்றார்கள். அது இப்போது நூலக வாசலில், பிள்ளைகள் தடவித் தடவி மூக்கு வெளுத்துப்போய் நிற்கிறது. அந்த மூக்குக்கு மட்டும் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் போய் வண்ணம் அடித்துவிட்டு வருகிறேன்.

ஆட்டுத் தோல் வழியைத் தேர்கிறவர்கள் நாள்காட்டியைப் பார்த்துத் தொடங்க வேண்டும். களிமண் உருவமும் அச்சும் ஆடி, ஆவணியில் முடிந்து, மழைக்காலத்தில் தோல் பதனிட்டு வந்துசேர்ந்தால், தை மாதத்தில் போர்த்தி மாசி முடிய மெல்ல உலர்த்தலாம். பங்குனியில் தோலோடு வருகிறவர்களை அடுத்த தைக்கு வரச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.